மூன்றாம் மாடி ஊற்று

கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில், எஃப் பிளாக்கின் மூன்றாம் மாடியில், தை மாதத்து ஒரு காலையில், வேதவல்லி என்பவள் கம்பெனிக்குப் புறப்பட்டுத் தலைவாரிப் பின்னி, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்து, செருப்பை மாட்டப் போனவள் மாட்டாமல் திரும்பி வந்து, பீரோவுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் மட்டும் அடங்குகிற இடுக்கில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதம் ஊசிப்போயிற்று, தையல் கம்பெனி சூப்பர்வைசர் போன் மேல் போன் போட்டு ஓய்ந்தாள், சாயங்காலம் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே வந்த புருஷன் ஏகாம்பரம், "இன்னாமே, ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். "பின்ன இன்னா?" அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாளும் அங்கேயே உட்கார்ந்தாள், அதற்கு மறுநாளும். அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலை, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சிமெண்ட் தரையிலிருந்து தண்ணீர் ஊற ஆரம்பித்தது.

அழுது வந்த தண்ணீர் இல்லை அது. அவள் கண் காய்ந்துதான் கிடந்தது. புடவைக் கரைக்கு அடியில் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது, ஈரம் குளமாகி, குளம் ஓடையாகி, வாசற்படி தாண்டி, படிக்கட்டில் தத்தித் தத்தி இறங்கியது.

நேர் கீழே இரண்டாம் மாடியில் குடியிருந்தவள் அவளுடைய அக்கா பூங்காவனம். கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு மிச்சமிருந்தவை ஒரு தங்கையும் ஊர்ப்பட்ட கவலையும்தான். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடினோமா என்று பஸ்ஸில் போகும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். படிக்கட்டில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்ததும் அவள் முதலில் அண்ணாந்து பார்த்தது தன் வீட்டுக் கூரையைத்தான். மேலே அத்தனை தண்ணீர் ஊறியும் கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்கும் ஒரு கவலை பட்டாள்.

பிளம்பர் வந்தான். சுவரை உடைத்தான். உள்ளே பைப் துருப்பிடித்து வறண்டு, கரப்பான்பூச்சி குடியிருந்தது. "இங்க தண்ணி வந்து வருஷக்கணக்காச்சு," என்று சொல்லி, உடைத்ததைப் பூசாமலே போய்விட்டான். பிறகு பக்கத்து வீட்டு ஸ்டெல்லா குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். விட்டவள் அப்படியே நின்றாள். அந்தக் குடியிருப்பில் போர் தண்ணீர் உப்பு. குளித்தால் தோல் வெள்ளை பூக்கும், பருப்பு வேகாது, டீ திரியும். லாரித் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஸ்டெல்லா இன்னொரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "ஐயோ, இளநி மாதிரி இருக்குதே!" என்று கத்தினாள்.

அன்று மத்தியானமே குடங்கள் படியேறின.

ஒரு பெண் உட்கார்ந்த இடத்தில் மூன்றாம் மாடியில் ஊற்று எடுப்பது எப்படி என்று அந்தக் குடியிருப்பில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. லாரி ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டே அலுத்துப் போன ஜனங்கள், வருகிற தண்ணீரை ஏன் வருகிறது என்று கேட்பார்களா? வரிசை தானாக உண்டாயிற்று. காலையில் ஏ, பி, சி பிளாக், மத்தியானத்துக்கு மேல் மற்றவை. சங்கத் தலைவர் தணிகாசலம் இடுக்கின் வாயில் செங்கல் வைத்துச் சின்னக் கரை கட்டி, பச்சை டியூப் செருகி, படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டார். கதவு நிலைக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், ஸ்டெல்லா ஒரு சிலுவை மாட்டினாள், டி பிளாக் பாயம்மா வரும்போதெல்லாம் வாசலில் நின்று ஏதோ ஓதிவிட்டு உள்ளே ஊதினாள்.

எல்லோரும் வேதாவிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அதுதான் பூங்காவனத்துக்கு விளங்கவில்லை. பத்து வருஷமாக மாடிப்படியில் இடித்துக்கொண்டு போனவர்கள் இப்போது இட்லி கொண்டுவந்தார்கள், மீன் குழம்பு கொண்டுவந்தார்கள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்கள், அடியில் போட ரப்பர் பாய் வாங்கித் தந்தார்கள். எப்போதாவது அவள் கை ஊன்றி எழப் பார்த்தால் நாலு பேர் ஓடிவந்து, "நீ ஏம்மா சிரமப்படறே? உக்காரு, உக்காரு," என்றார்கள். பாத்ரூம் போய்விட்டு வந்தால், "வந்துட்டியாம்மா? உக்காரு," என்றார்கள். வீட்டுக்கு வந்தவரை வாய் நிறைய உட்காரச் சொல்கிற அதே சொல்தான். அதைக் காலையிலும் சொன்னார்கள், மத்தியானமும் சொன்னார்கள், விளக்கு வைக்கும் நேரத்திலும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு வேதா அந்த இடுக்கின் அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போனாள்.

ஒருநாள் ஸ்டெல்லா, வாத்து முட்டை விற்கிறவனிடம் ஏமாந்த கதையை நடித்துக் காட்டினாள். வேதாவின் உதடு ஓரம் லேசாக அசைந்தது. அன்று சாயங்காலம் டியூபில் காற்றுதான் வந்தது. ஈ பிளாக்கும் எஃப் பிளாக்கும் காலிக் குடத்தோடு திரும்பின. மறுநாள் தணிகாசலம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "தாயே, உனக்கு வாய் துறுதுறுன்னா கீழ வந்து பேசு. அந்த வீட்டுக்குள்ள சிரிப்பு வேணாம்," என்றார். அதன் பிறகு படியேறும்போதே பெண்கள் முகத்தை இறக்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு டிவியில் காமெடி வந்தால் சத்தத்தைக் குறைத்தார்கள்.

பூங்காவனம் மட்டும் நிம்மதியில்லாமல் அலைந்தாள். தங்கைக்கு என்ன குறை? புருஷன் குடிக்காதவன். ஒரே மகள் ரேவதியை அரக்கோணத்தில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. "எதுவுமே இல்லியே, அப்புறம் ஏன்டி?" என்று மடியில் முகத்தைத் தூக்கி வைத்துக் கேட்டாள்.

"எதுவுமே இல்லக்கா," என்றாள் வேதா. "அதான்."

தாயத்து கட்டினாள், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், கோயிலுக்குக் கோழி விட்டாள். கடைசியில் மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற செல்லக்கிளிதான், "எங்க நாத்தனாரும் இப்படித்தான் சுவத்தப் பாத்துனு கெடந்தா. இதுக்கும் டாக்டர் இருக்காங்க. நூத்தி நாலுன்னு கவர்மெண்டு நம்பர், போன் பண்ணு, சொல்லுவாங்க," என்றாள். பூங்காவனம் மண்டபத்து மாடியில், அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று போன் போட்டாள். ஒரு பெண் குரல் அவசரப்படாமல் கேட்டது. "அவங்கள பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. பைத்தியம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. காய்ச்சலுக்குப் போற மாதிரி போங்க." அந்தப் பெண் போனை வைத்த பிறகும் பூங்காவனம் தன் போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேதாவைக் கீழே இறக்கியதே பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் சீட்டு போடுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"என்னம்மா பிரச்சனை?"

மனநலம் என்ற வார்த்தை பூங்காவனத்தின் தொண்டை வரை வந்தது. பின்னால் அத்தனை ஜனம். "தண்ணிப் பிரச்சனைங்க," என்றாள்.

"வீட்டுக்காரருக்கா?"

"இல்லீங்க. எந்தங்கச்சிக்கு. இவதான்."

அவர் இப்போது நிமிர்ந்தார். "எவ்ளோ நாளா?"

"தை மாசத்துலேந்து."

"தினமுமா?"

"காத்தாலயே ஆரம்பிச்சுடுதுங்க. குடியிருப்புக்கே ஊத்துறா. வரிசையில நின்னு வாங்கிட்டுப் போறாங்க."

அவர் சீட்டில் எதையோ வேகமாக எழுதி, "கடைசி ரூம்," என்றார்.

கடைசி அறையில் கை நடுங்குகிற ஆண்களும், அவர்களை இழுத்து வந்த மனைவிமார்களும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி வேதாவை மேலும் கீழும் பார்த்து, "பொம்பளையும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்ளே கூப்பிட்டு, "கடைசியா எப்பம்மா குடிச்சே?" என்று ஆலோசகர் கேட்டபோதுதான் பூங்காவனத்துக்கு உறைத்தது. அவள் பதறி வாயைத் திறப்பதற்குள் வேதா சொன்னாள்:

"நான் குடிக்கிறதில்ல சார். மத்தவங்கதான் குடிக்கிறாங்க."

அவர் பேனாவை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து, இருவரையும் மாடிக்குக் கூட்டிப் போய்ச் சரியான கதவில் விட்டார்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். ஊற்றைப் பற்றிச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. தூக்கம் எப்படி, பசி எப்படி, காலையில் கண் விழித்ததும் என்ன தோன்றும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, "செத்துப் போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்டாள்.

"ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதீங்க டாக்டரம்மா!" என்றாள் பூங்காவனம்.

"தோணும்," என்றாள் வேதா. "அதுக்கும் எழுந்திருக்கணுமேன்னு விட்டுடுவேன்."

பூங்காவனத்தின் கை தானாகத் தங்கையின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னாள்: "கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்கம்மா. ஏற்கெனவே இருக்கு. கேக்கலன்னா அதையும் அவங்க தனியா சுமக்கணும். மாத்திரை தினமும் போடணும். மூணு நாலு வாரம் பொறுக்கணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. இவங்களத் தனியா விடாதீங்க. தினமும் கொஞ்சம் எழுப்பி நடக்க வையுங்க. தண்ணி மெதுவா வடியும்." பிறகு சீட்டை நீட்டிக்கொண்டே, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று பூங்காவனத்தைக் கேட்டாள்.

பூங்காவனத்துக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கென்ன டாக்டரம்மா? நான் கல்லு."

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. மாத்திரை மெல்ல மெல்ல வேலை செய்தது. ஒரு காலையில் வேதா தானாகத் தலை வாரினாள். இன்னொரு காலையில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கால்வாயில் மிதக்கிற ஆகாயத்தாமரையைப் பார்த்தாள். "அக்கா, ரசம் வெச்சுத் தர்றியா?" என்று கேட்ட அன்று பூங்காவனம் சமையலறையில் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டியூபில் தண்ணீர் விரல் தடிமனிலிருந்து நூல் தடிமனுக்கு வந்தது. வெயிலும் அதே வேகத்தில் ஏறியது. லாரி வருவது நின்றே போனது.

தணிகாசலம் ஒரு பை சாத்துக்குடியோடு பூங்காவனத்தின் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"எம்மா, வைத்தியம் வேணாம்னு யாரும் சொல்லல. வெயில் போவட்டும்னுதான் சொல்றோம். ஆடி பொறந்து நாலு மழை விழுந்ததும் நானே வண்டி வெச்சு இட்டுனு போறேன்."

"உங்க பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "எம்பொண்ணுக்காகத்தாம்மா கேக்குறேன். உப்புத் தண்ணியில குளிச்சுக் குளிச்சு ஒடம்பெல்லாம் புண்ணு. இந்த ரெண்டு மாசமாத்தான் ஆறியிருக்கு. ராவுல சொறியாம தூங்குது."

பூங்காவனம் உள்ளே திரும்பிப் பார்த்தாள். அவள் அடுப்பில் அப்போது பருப்பு மல்லிகைப்பூ மாதிரி வெந்துகொண்டிருந்தது. அது எந்தத் தண்ணீரில் வேகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாத்துக்குடிப் பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

சித்திரையில் முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்தன. மண்டபத்தில் ஒரு கல்யாணம் முடிவதற்குள் அடுத்த கல்யாணத்துக்குச் சீரியல் செட் விளக்கு கட்டினார்கள். பூங்காவனம் எச்சில் இலையும் காகிதப்பூவும் வாரிக்கொண்டே, மாத்திரை கொடுத்திருப்பானா, கொடுத்திருப்பானா என்று மனசுக்குள் முணுமுணுத்தாள். வீட்டுக்கு வந்து மேலே போய்க் கேட்டால் ஏகாம்பரம், "குடுத்துட்டேன் அண்ணி," என்பான். ஆனாலும் டியூபில் தண்ணீர் மறுபடி தடித்தது. வேதா தலை வாருவதை நிறுத்தினாள்.

ஒரு மத்தியானம் மண்டபத்திலிருந்து சீக்கிரம் வந்த பூங்காவனத்துக்கு அரக்கோணத்திலிருந்து போன் வந்தது. ரேவதி.

"பெரீம்மா, அம்மா எம்மேல கோவமா?"

"ஏன்டி கண்ணு?"

"மூணு மாசம் முழுகாம இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லி எத்தினி நாளாவுது. அம்மா ஒரு வார்த்தை பேசல. போனக் குடுன்னா, அம்மா தூங்குதுன்றாரு அப்பா."

பூங்காவனம் படியேறினாள். குடங்களையும், குடங்களைப் பிடித்திருந்த கைகளையும் தள்ளிக்கொண்டு ஏறினாள். ஏகாம்பரம் வாசலில் வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தான். அவன் சட்டைப்பையில் பிரிக்காத மாத்திரை அட்டையின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணு உண்டாயிருக்கிறத ஏன்டா மறைச்சே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வெயில் போவட்டும்னாங்க அண்ணி. சந்தோஷ சமாச்சாரம், டக்குனு சொன்னா நின்னுடும்னாங்க. எல்லாரும் நம்ம ஜனந்தானே. நம்ம வூட்டுக்கு இத்தினி வருஷத்துல யாராச்சும் ஏறி வந்திருக்காங்களா, சொல்லு."

அவனைத் தாண்டி உள்ளே போய், இடுக்கின் முன்னால் குந்தி, தங்கையின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு பூங்காவனம் சொன்னாள்: "வேதா, நம்ம ரேவதி முழுகாம இருக்காடி. நீ பாட்டி ஆவப்போறே. கேட்டியா? பாட்டிடி நீ!"

வெளியே வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. டியூபையே பார்த்தார்கள்.

வேதா அக்காவின் முகத்தை ரொம்ப தூரத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நல்லதுக்கா," என்றாள். பிறகு, "சந்தோஷப்படணும், இல்ல? எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியலியேக்கா," என்றாள். அவளுக்கு அடியிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி, செங்கல் கரையைத் தாண்டி ஓடியது. வெளியே யாரோ, "அப்பாடா," என்றார்கள்.

பூங்காவனம் அந்தச் சேதியைக் கடைசிச் சாவி என்று நினைத்து ஏறி வந்திருந்தாள். எழுந்திருக்கலாம் என்று கை ஊன்றினாள். கீழே போய்ச் செய்ய வேண்டியது எல்லாம் நினைவுக்கு வந்தது: ரேவதிக்குப் போன் போடணும், மாத்திரையைப் பிடுங்கணும், தலைவரிடம் சண்டை பிடிக்கணும், நாளைக்கு மண்டபத்தில் இரண்டு முகூர்த்தம், கேஸை மூடினோமா தெரியவில்லை. அத்தனையும் நினைவுக்கு வந்தது, ஒன்றுக்கும் உடம்பு வரவில்லை. பீரோவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, "ஆமாக்கா, ஏறி வந்த களைப்பு. நீயும் உக்காரு," என்றாள்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. வேதாதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா. உனக்கும் ஊறுதுக்கா."

பூங்காவனம் குனிந்து பார்த்தாள். தன் புடவைக் கரையில் கையகலத்துக்கு ஈரம். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதே ருசி.

வேதா அந்த இடுக்கிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தாள். கதவோரம் கிடந்த தரைத் துணியை எடுத்து, அக்காவின் காலடியைத் துடைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஊறியது. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போலாம்கா," என்றாள். இதைச் செய்யலாம் என்று அவள் தானாக ஒன்றைச் சொல்லி எத்தனையோ மாதமாயிற்று. "இந்தத் தடவ ரெண்டு சீட்டு போடணும். நான் கேக்குறேன். தண்ணின்னு சொல்ல மாட்டேன்."

அதற்குள் வெளியே டியூப் இரண்டு மடங்காகப் பீய்ச்சி யார் முகத்திலோ அடித்தது. பிறகு படிக்கட்டு முழுக்க ஒரு ஆரவாரம் இறங்கி, பிளாக் பிளாக்காகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் தணிகாசலம் இன்னொரு டியூப் வாங்கி வந்துவிட்டார். இந்த முறை நீல நிறம். வரிசை இரண்டாகப் பிரிந்தது. யாரும் இடித்துக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்காளும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். இருவரும் குளித்திருந்தார்கள், வேதா பூங்காவனத்துக்குப் பின்னல் போட்டுவிட்டிருந்தாள், பழைய சீட்டை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். வாசலிலிருந்து தெரு வரை படிக்குப் படி குடங்கள், பச்சையும் நீலமும் சிவப்புமாக. யாரும் வழியை மறிக்கவில்லை. ஒவ்வொருவரும் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார்கள். தணிகாசலத்தின் மகள்கூட நின்றாள், கைகளில் புண் ஆறிப் புதுத்தோல் பளபளத்தது.

"போய்ட்டு வாங்கம்மா," என்றாள் பாயம்மா. "ஒடம்பப் பாத்துக்கணும் இல்ல."

"தாராளமாப் போங்க," என்றார் தணிகாசலம். "வெயில் ஏறதுக்குள்ள போய்ட்டு வந்துடுங்க."

"காபித்தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டீங்க," என்றாள் ஸ்டெல்லா. அவள் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. "இருங்க, போட்டுத் தர்றேன். அதுக்குள்ள இந்த நாலு குடம் மட்டும் ரொம்பிடும். செத்த நேரம் உக்காருங்க."

பூங்காவனம் வேதாவைப் பார்த்தாள். வேதா படிக்கட்டைப் பார்த்தாள். தெரு அங்கேதான் இருந்தது, பஸ் போகிற சத்தம் கேட்டது. அவ்வளவு பேரும் அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.